நாப்பது டாலருக்கு ஒரு ஆம்ப்

போன வருஷம் படிப்பு முடிஞ்சு அமெரிக்காவை விட்டு ஊருக்குக் கிளம்பின சீனியர் ஒருத்தர், தன்னோட எலெக்ட்ரிக் கிடாரை என் தலையில கட்டிட்டுப் போயிட்டார். ஓசியில வந்ததால ஆம்ப் கூட வரலை. ரெண்டு மாசம் வெறும் கம்பியைத் தட்டிக்கிட்டிருந்தேன். கொசு பாடுற மாதிரி ஒரு சத்தம். "மச்சி, நீ வாசிக்கிறியா, சொறியிறியா?"ன்னு ரூம்மேட் கேட்டப்போதான் முடிவு பண்ணேன்: ஆம்ப் வாங்கியே ஆகணும்.

வாடகை, மளிகை போக கையில நிக்கிறது மாசம் 60 டாலர். அதனால செகண்ட்ஹேண்ட்தான்.

முதல்ல ஒரு கராஜ் சேல்ல 20 டாலருக்கு ஒண்ணு சிக்குச்சு. சிவப்பு லைட் எரிஞ்சதும் காசைக் குடுத்துட்டேன். வீட்டுல வந்து வாசிச்சா, தகர டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்குற சத்தம்! ஸ்பீக்கர் காகிதம் கிழிஞ்சிருந்தது. 20 டாலர் கோவிந்தா.

சரி, சூடு பட்ட பூனை சொல்றேன், கேட்டுக்குங்க. கிடாரையும் கேபிளையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கேபிளைச் சொருகி லேசா ஆட்டுங்க. சத்தம் விட்டு விட்டு வந்தா ஜாக்குல கோளாறு. குமிழைத் திருகும்போது கர கரன்னா பயப்பட வேணாம். பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் க்ளீனர் அடிச்சா போயிடும். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம் ;-) ஆனா கேபிளை உருவின பிறகும் பலமா உறுமுதா? கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

வாட்ஸைப் பாத்து மயங்காதீங்க. 10 வாட் 100 வாட் ஆனாலும் காதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்குதான். அபார்ட்மெண்டுக்கு 10, 15 வாட்டே தாராளம். அதைவிட முக்கியம் ஹெட்ஃபோன் ஓட்டை. ரூம்மேட்டோட நட்பு அதுலதான் தொங்குது.

கடைசியா கிரெய்க்ஸ்லிஸ்ட்ல ஒரு ஃபென்டர் ஃப்ரன்ட்மேன் 15ஜி, 50 டாலர். 15 வாட், 8 இஞ்ச் ஸ்பீக்கர். வித்தது ஒரு அம்மா. பையன் 3 மாசம் வாசிச்சுட்டு அப்புறம் தொடவே இல்லையாம். நல்ல ஆம்ப் மலிவாக் கிடைக்கிற ரகசியமே இதுதாங்க: ஆசையா வாங்கிப் பாதியில விட்டவங்க வீட்டு மூலையில புதுசு போலவே கிடக்கும். "எங்கே, கொஞ்சம் வாசிச்சுக் காட்டு"ன்னாங்க. தெரிஞ்ச மூணு கார்டை வாசிச்சேன். கதவுல சாய்ஞ்சு கண்ணை மூடிக் கேட்டவங்க, "40 போதும், ஆனா நிறுத்திடாதே"ன்னாங்க. என்ன சொல்றதுன்னே தெரியலை, தலையை மட்டும் ஆட்டினேன்.

இங்க கரண்ட் 120 வோல்ட், நம்ம ஊர்ல 230. அப்படியே சொருகினா புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோட ஊருக்குச் சுமக்கிறதுக்குப் பதிலா, கிளம்பும்போது கிடாரோட சேத்து ஒரு ஜூனியர் தலையில கட்டிடலாம்னு இருக்கேன். ஒரே கண்டிஷன், 3 மாசத்தைத் தாண்டி வாசிக்கணும்.

நான் வாங்கி இன்னையோட 2 மாசம் 20 நாள். ஹி ஹி!