டிராக்டரை இரண்டாகப் பிரிக்கும்போது

பால் தொட்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும் டிராக்டர், எஞ்சின் மட்டும் உறுமிச் சக்கரம் நகராமல் நின்றுவிடுமானால், கிளட்ச் தேய்ந்துவிட்டது என்பதைத் தோட்டத்து ஓட்டுநர் எவரும் அறிவர். அதனை மாற்றுவதற்கு டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதும் பட்டறையில் பழகியவர்களுக்குப் புதிதன்று. ஆயினும், பிரிந்த இரண்டு பாதிகளையும் எதன்மேல், எவ்வாறு நிறுத்துவது என்பதில்தான் கவனக்குறைவு நேர்கிறது. அது குறித்தே இங்கு எழுதுகிறோம்.

லோரிக்கு அடியில் நீண்ட இரும்புச் சட்டம் உண்டு. கியர் பெட்டியை இறக்கினாலும் லோரி அந்தச் சட்டத்தின்மேல் நின்றுகொண்டிருக்கும். பழைய டிராக்டர்கள் பெரும்பாலானவற்றிற்கு அத்தகைய சட்டம் கிடையாது. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு பெருமளவில் செய்யத் தொடங்கிய ஃபோர்ட்சன் டிராக்டரிலேயே எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்புக் கூடுகளை ஒன்றோடொன்று போல்ட்டால் முடுக்கி, அவற்றையே உடலாக்கிவிட்டனர். நம் நாட்டுத் தோட்டங்களில் பழக்கமான மெஸ்ஸி பெர்குசன் 35, 1964-இல் வெளிவந்த 135 ஆகியவையும் இம்முறையில் அமைந்தவையே. ஆகவே, கிளட்சுக்காக நாம் கழற்றுகின்ற போல்ட்டுகள் டிராக்டரின் முதுகெலும்பை இணைத்திருக்கும் போல்ட்டுகள் ஆகும். ஏறக்குறைய ஒன்றரை டன் எடையுள்ள பொருள், கடைசி போல்ட் வெளிவந்த கணத்தில் இரண்டு பொருள்களாகிவிடுகிறது. அவை இரண்டும் ஒரே மாதிரி விழுவதில்லை.

பின்பாதி இரண்டு பெரிய சக்கரங்களின்மேல் அகலமாக நிற்பதால் பக்கவாட்டில் எளிதில் சாயாது. ஆனால், பின் அச்சைச் சுற்றிச் சுழன்று முன்புறமாக மூக்குக் குப்புற இறங்கும். முன்பாதியின் கதையே வேறு. டிராக்டரின் முன் அச்சு, நடுவில் ஒரே ஓர் ஆணியில் ஊஞ்சல் போல் தொங்குகிறது. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கினாலும் நான்கும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. டிராக்டர் முழுமையாக இருக்கும்போது எஞ்சினைச் சாயாமல் பிடித்திருப்பவை முன் சக்கரங்கள் அல்ல, பின் சக்கரங்களே. பிரித்தபின் அந்தப் பிடி போய்விடுகிறது. இரண்டு முன் சக்கரங்களும் தரையில் அசையாமல் நிற்க, அவற்றின்மேல் எஞ்சின் மட்டும் இடமாகவோ வலமாகவோ உருண்டுவிடும். டிராக்டரை ஓட்டுவதில் நல்ல அனுபவம் உள்ளவர்கள்கூட இதனை எண்ணிப் பார்ப்பதில்லை என்றே தோன்றுகிறது.

இதற்குத் தடுப்பு மிகவும் எளியது. ஒரு போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே, முன் அச்சுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் இடைப்பட்ட சந்தில், இடத்திலும் வலத்திலுமாகக் கெட்டி மரத்தால் ஆன ஆப்புகளை இறுக அடித்துவிட வேண்டும். அடித்தபின் அவை நழுவாதபடி கம்பியால் கட்டுதல் நலம். முன்புறத்தில் எடைக்கட்டிகள் பூட்டியிருந்தால் அவற்றையும், பின்னால் புல்வெட்டியோ வேறு கருவியோ இருந்தால் அதனையும் முதலிலேயே இறக்கிவிடுக.

அடுத்துத் தரை. சமமான சிமெண்டுத் தளம் இல்லாத இடத்தில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. செம்மண் தரை காலையில் கல்லைப்போல் இருக்கும். மாலையில் ஒரு மழை பெய்துவிட்டால் தாங்கியின் கால் அரை அங்குலம் இறங்கிவிடும். தளம் இல்லையென்றால், தளம் உள்ள பட்டறைக்கு டிராக்டரை இழுத்துச் செல்வதே முறை.

முட்டுக் கொடுக்கத் தோட்டத்தில் எளிதில் கிடைப்பது ரப்பர் மரக்கட்டை. மருந்தூட்டப்படாத ரப்பர் மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் தாக்கும். வெளியே நன்றாகத் தோன்றும் கட்டை உள்ளே மாவாகியிருக்கக்கூடும். செங்கால், பாலாவ் போன்ற கெட்டி மரங்களின் சதுரக் கட்டைகளையோ, நல்ல நிலையிலுள்ள பழைய ரயில் கட்டைகளையோ பயன்படுத்துக. அவற்றை நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். சிமெண்டுக் கற்களை எக்காரணத்தைக் கொண்டும் வைக்காதீர்கள். மரம் நசுங்குமுன் முனகும், கல்லோ எச்சரிக்கையின்றி வெடித்துவிடும். எண்ணெய் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே உரியது, தாங்குவதற்கு அன்று. அதன் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம் தேய்ந்தால் போதும், சுமை தானாக இறங்கத் தொடங்கும். எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி சில டிராக்டர்களில் வார்ப்பிரும்பு, சிலவற்றில் மெல்லிய தகடு. தகடாயின் அதன்மேல் முட்டுக் கொடுக்கலாகாது.

பேட்டரி இணைப்பு, எரிபொருள் குழாய், மின்கம்பிகள், ஸ்டியரிங் தண்டுகள் ஆகியவற்றைக் கழற்றிய பின்னர், இரண்டில் எந்தப் பாதி நகரப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். ஒன்றுதான் நகர வேண்டும். எஞ்சின் பக்கத்தைக் கட்டை அடுக்கின்மேல் நிலையாக நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் தடை வைத்து, பின்பாதியைப் பின்னோக்கி உருட்டுவது நமக்கு ஏற்ற முறையாகத் தோன்றுகிறது. கியர் பெட்டியின் அடியில் சக்கரம் பூட்டிய ஜாக்கி இருக்க வேண்டும். பின் சக்கரங்களின் தடைக்கட்டைகளை உருட்டும் வேளைவரை எடுக்க வேண்டாம்.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போல்ட்டுகளை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழற்றுக. பின்பு அவ்விரண்டையும் சில சுற்றுகள் தளர்த்தி, இணைப்பில் தோன்றும் இடைவெளியை உற்று நோக்குக. இடைவெளி கீழ்ப்பக்கம் விரிந்தால் நடுப்பகுதி தொய்கிறது; ஜாக்கியைச் சிறிது உயர்த்த வேண்டும். மேற்பக்கம் விரிந்தால் ஜாக்கி அளவுக்கு மேல் ஏறிவிட்டது. சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால்தான் எடை தாங்கியின்மேல் அமர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது கடைசி போல்ட்டுகள் விரலால் சுழற்றினாலே வந்துவிடும். ஸ்பேனருக்கு நீண்ட குழாயை மாட்டி முறுக்க வேண்டியிருந்தால், நிறுத்திவிட்டு மீண்டும் தாங்கிகளைப் பாருங்கள். அவ்விரு துளைகளில் தலையில்லாத நீண்ட போல்ட்டுகளைச் செருகி வைத்தால், பாதிகள் நேராகவே பிரியும், பின்னர் நேராகவே சேரும்.

உருட்டும்போது ஒருவர் மட்டுமே கட்டளையிட வேண்டும். இன்று தோட்டங்களில் பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்வதால், எல்லாருக்கும் தெரிந்த ‘பெர்ஹெந்தி’ என்ற ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். அதனை யார் சொன்னாலும் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். தேவையான இடம் கிடைத்தவுடன், கிளட்சைத் தொடுவதற்கு முன்பாக, கியர் பெட்டியின் அடியிலும் கட்டை அடுக்கு ஏறிவிட வேண்டும். பின் சக்கரங்களுக்கும் மீண்டும் தடை வேண்டும்.

விடிந்தால் பால் ஏற்ற வண்டி வேண்டும், பால் உறைந்துவிடும் என்ற நெருக்கடி நமக்குத் தெரியாததன்று. அவசரமே பாதி விபத்துக்கு வழி வைக்கிறது. இரண்டு நாளுக்கு வேறு வண்டியை ஏற்பாடு செய்வது நிருவாகத்தின் கடமை. 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான வேலை முறையை முதலாளியின் பொறுப்பாக வைத்துள்ளது. 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டென்று நியாயமான காரணத்துடன் கருதும் தொழிலாளி அதனை முதலாளியிடம் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையெனில், அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. தாங்கி இல்லாமல் டிராக்டரின் அடியில் படுக்கச் சொன்னால் இதனை எடுத்துக் கூறலாம்.

மீண்டும் சேர்க்கும்போது கியர் தண்டு கிளட்ச் தட்டின் பற்களில் நுழைய மறுப்பதுண்டு. அவ்வேளையில் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்க முயன்றால் கூட்டின் காது உடைந்துவிடும். பிளைவீலைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க, தண்டு தானே நுழையும். துளைகள் நேராக உள்ளனவா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதற்கு விளக்கும் கண்ணும் போதும். போல்ட்டுகள் யாவும் முடுக்கப்பட்டு, தாங்கிகள் அகன்ற பின், முன் அச்சில் அடித்த ஆப்புகளை மறவாமல் எடுத்துவிடுக. அவை அங்கேயே இருந்தால் அச்சு ஆடாது. மேடுபள்ளமான தோட்டச் சாலையில் ஒரு முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஸ்டியரிங்கும் பிடிக்குள் நிற்காது.