விலை குறைவு சரி, எதைக் குறைத்தார்கள்?

ஆடி பிறந்ததும் நாளிதழின் முதல் பக்கத்தைத் தள்ளுபடி விளம்பரம் பிடித்துக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் குறைந்த விலை என்று டிமார்ட், ஜூடியோ போன்ற சங்கிலித்தொடர் கடைகள் ஒருபுறம் அழைக்கின்றன. திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் அள்ளிக்கொண்டு வரலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தீபாவளி நெருங்கினால் கோ-ஆப்டெக்ஸ் பலகையும் கண்ணில் படும். நாலு பேருக்குத் துணி, இரண்டு பெட்ஷீட், ஒரு குக்கர் வாங்க வேண்டிய குடும்பம் எங்கே போவது?

யாரும் நஷ்டத்துக்குக் கடை திறப்பதில்லை. விலை குறைந்தால் எங்கோ ஒரு செலவு குறைந்திருக்கிறது என்று பொருள். அது வாடகையாக இருக்கலாம், விளம்பரமாக இருக்கலாம், துணியின் கனமாகவும் இருக்கலாம். எது குறைந்தது என்று தெரிந்தால், எங்கே எதை வாங்கலாம் என்பது பாதி முடிவான மாதிரிதான்.

ஆடி: தேங்கிய சரக்கு

ஆடியில் கல்யாணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை. ஜவுளிக்கடையில் கூட்டம் குறையும் மாதம். தீபாவளிக்குப் புதுச்சரக்கு இறங்குவதற்குள் அலமாரி காலியாக வேண்டும், முதலீடு பணமாகத் திரும்ப வேண்டும். ஆடித் தள்ளுபடியின் உண்மையான காரணம் இதுதான். அதனால் போன சீசன் டிசைன், ஒன்றிரண்டே மிஞ்சிய அளவு, கலரால் விற்காத புடவை ஆகியவற்றில் கிடைக்கும் தள்ளுபடி மெய்யானது. நேற்று வரை முழு விலைக்கு விற்ற அதே துணி இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

ஆனால் ஆடிக் கூட்டத்துக்கென்றே குறைந்த அடக்கத்தில் தைத்து இறக்கும் சரக்கும் உண்டு. ஒரே டிசைன், எல்லா அளவும், எல்லா நிறமும், குவியல் குவியலாகக் கிடந்தால் அது தேங்கிய சரக்காக இருக்க வாய்ப்பில்லை. அதில் ‘பழைய விலை’ என்று அடித்திருக்கும் எண்ணை மறந்துவிட்டு, புதிய விலைக்கு அந்தத் துணி தகுமா என்று மட்டும் பாருங்கள்.

ஜூடியோ, டிமார்ட்: தள்ளுபடி இல்லாத மலிவு

டாடா குழுமத்தின் ட்ரெண்ட் நிறுவனம் 2016-ல் தொடங்கியது ஜூடியோ. பெரும்பாலான துணிகள் 1,000 ரூபாய்க்குள் அடங்கும். எல்லாமே சொந்த பிராண்ட். வேறு நிறுவனத்துக்குப் போகும் லாபப் பங்கு இல்லை, பெரிய விளம்பரமும் இல்லை. டிசைன்கள் சீக்கிரம் மாறிக்கொண்டே இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கும், ஒரு வருடம் போட்டால் போதும் என்கிற கல்லூரி உடைகளுக்கும் இது பொருந்தும். அதே பொருள் வேறு கடையில் கிடைக்காது என்பதால் விலையை ஒப்பிட வழியில்லை. துணியின் தரத்தைத்தான் ஒப்பிட முடியும்.

டிமார்ட்டின் வழி வேறு. ராதாகிஷன் தமானி மும்பை பவாயில் 2002-ல் முதல் கடையைத் திறந்தார். பெரும்பாலான கடைகள் நிறுவனத்தின் சொந்தக் கட்டடத்தில் இருப்பதால் வாடகைச் சுமை குறைவு. சப்ளையர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்கு ஈடாக விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். ஆகவே எல்லாக் கடையிலும் கிடைக்கும் பிரபல பிராண்ட் பொருள்களை அங்கே எம்ஆர்பியோடு ஒப்பிட்டு வாங்கலாம். பெயர் தெரியாத பிராண்ட் வாளியிலோ டப்பாவிலோ ‘எம்ஆர்பியில் பாதி’ என்று எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு கொடுக்க வேண்டாம். அந்த எம்ஆர்பியை நிர்ணயித்தது தயாரித்தவர்தான்.

காதர்பேட்டை, ஈரோடு: ஏற்றுமதியில் மிஞ்சியது

வெளிநாட்டு ஆர்டர் ஒன்றை எடுக்கும் பனியன் கம்பெனி, பழுதாகும் உருப்படிகளை ஈடுகட்டச் சற்றுக் கூடுதலாகவே தைக்கும். ஆர்டர் முடிந்ததும் மிஞ்சியவை, ரத்தான ஆர்டர்கள், தரப் பரிசோதனையில் தள்ளப்பட்டவை எல்லாம் லாட்டாக வியாபாரிகளிடம் போகின்றன. திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய காதர்பேட்டையில் இவை மூன்றும் கலந்தே கிடக்கும். முதல் இரண்டும் நல்ல பேரம். மூன்றாவது ‘செகண்ட்ஸ்’: ஒரு கை மட்டும் நீளம், கறை, ஊசி ஓட்டை என்று ஏதாவது ஒன்று இருக்கும். கழுத்து லேபிள் வெட்டப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பிராண்ட் பெயர் வெளியே போகாமல் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். லேபிள் அப்படியே இருந்தால் அதற்காக அசல் என்றும் நம்ப வேண்டாம், லேபிள் தனியாகவே அச்சாகிறது.

பெட்ஷீட், துண்டு, திரைச்சீலைக்கு ஈரோடு, சென்னிமலை, கரூர் பக்கம் போவது நல்லது. ஈரோடு கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமையும் நடக்கும். மொத்த வியாபாரம்தான் முக்கியம் என்றாலும் சில்லறையும் உண்டு. நாலைந்து குடும்பங்களுக்குச் சேர்த்து வாங்கினால்தான் பஸ் செலவுக்குக் கட்டுப்படியாகும். மாற்றித் தரும் பேச்சு பெரும்பாலும் கிடையாது என்பதால், பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கோ-ஆப்டெக்ஸ்: அரசு ஆதரவில் தள்ளுபடி

1935-ல் தொடங்கிய இந்தக் கூட்டுறவு நிறுவனத்தில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வழக்கமாகக் கிடைக்கிறது. இது தேங்கிய சரக்கைத் தள்ளும் விலை அல்ல. கைத்தறியை விற்கச் செய்வதற்காக அரசின் ஆதரவோடு வருவது. அதனால் புதிய புடவைக்கும் கிடைக்கும். கனமான பருத்திப் போர்வை, வேட்டி, பட்டு ஆகியவற்றுக்கு இந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்துப் பார்க்க

டி-சர்ட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் அக்குளிலிருந்து அடிவரை நேராக இறங்க வேண்டும். இப்போதே அது வயிற்றுப் பக்கம் ஓடினால், இரண்டு துவைப்பில் முழு டி-சர்ட்டும் முறுக்கிக்கொள்ளும். பிறகு உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் நூல் பிசிறியிருந்தாலும், தையல் துணியின் ஓரத்தை மயிரிழையில் பிடித்திருந்தாலும் வைத்துவிடுங்கள். ஈரக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் போகுமா என்று அங்கேயே தெரியும்.

பெட்ஷீட்டில் அளவைப் பாருங்கள். டபுள் என்று எழுதியிருந்தாலும் 90x100 அங்குலம் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘காட்டன் ஃபீல்’ என்றால் காட்டன் அல்ல. சந்தேகமிருந்தால் வீட்டில் ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும்.

எவர்சில்வரைக் காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் பாதிதான் உதவும். நிக்கல் அதிகமுள்ள 304 ரகத்திலும் சரி, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 202 ரகத்திலும் சரி, காந்தம் சரியாக ஒட்டாது. கிரேடு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, எடையையும் கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். பிரஷர் குக்கரில் பேரமே வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணும் இல்லாத குக்கரை விற்பது 2021 முதல் சட்டப்படி தவறு.

பில் போடும் முன்

‘50 சதவீதம், அதன்மேல் 20 சதவீதம்’ என்றால் 70 அல்ல. 1,000 ரூபாய் முதலில் 500 ஆகும், பிறகு 400 ஆகும். மொத்தம் 60 சதவீதம்தான். ‘2 வாங்கினால் 1 இலவசம்’ என்பது மூன்றுமே தேவைப்பட்டால் மட்டும் 33 சதவீதத் தள்ளுபடி. ஒன்றுதான் தேவை என்றால் இரு மடங்கு செலவு.

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதில் தள்ளுபடி கொடுத்துவிட்டு பில்லில் தனியாக வரி போடுவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வாட் வரிக் காலத்து வழக்கு ஒன்றில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-ல் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் ஆயத்த ஆடையின் விலை 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் வரை திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அளவு சேரவில்லை, கலர் பிடிக்கவில்லை என்பது பழுதில் சேராது. அதற்குக் கடையின் விதிதான், வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். புகாருக்கு 1915 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

எந்தக் கடையானாலும், மலிவாகத் தெரியும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது ஏன் இந்த விலை’ என்று விற்பனையாளரிடமே கேட்டுவிடுங்கள். ‘போன வருஷ டிசைன்’, ‘கடைசி சைஸ்’, ‘சின்ன டேமேஜ் இருக்குங்க’ என்று காரணம் சொன்னால் அதைச் சரிபார்த்து வாங்கலாம். ‘ஆஃபர்ங்க, எடுத்துக்கோங்க’ என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லையென்றால், அடுத்த கடையைப் பார்ப்பது நல்லது.