கூகுள் காட்டினால் சரியாகிவிடுமா?

திருக்கோகர்ணத்தில் எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் மாலை கையில் தாளோடு ஓடி வந்தாள்.

"வாத்தியார் தாத்தா! நம்ம மாவட்டத்து ஓவியங்களைப் பற்றி புராஜெக்ட். பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டேன்!"

முதல் வரியிலேயே, 'சித்தன்னவாசல் ஓவியங்களை வரையச் செய்தவர் மகேந்திரவர்ம பல்லவர்' என்று இருந்தது.

"இதை யாரும்மா சொன்னது?"

"கூகுள், தாத்தா!"

பலரும் தவறுவது இங்கேதான். பெரிய புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஒரு பட்டியல் இருக்கும். தேடுபொறியும் இணையத்துக்கு அப்படியொரு பட்டியல்தான். பக்கத்தைக் காட்டுவது அதன் வேலை. அதில் உள்ளது உண்மையா என்று பார்ப்பது நம் வேலை! செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்கமான பதிலிலும் பிழை வரலாம்.

இருவரும் சேர்ந்து மறுபடி தேடினோம். 'கோகர்ணம்' என்று மட்டும் அடித்தால் கர்நாடகக் கடற்கரை ஊர் வந்து நிற்கும். 'புதுக்கோட்டை' என்று சேர்த்தால் நம் ஊர் வரும். அதுபோல, 'சித்தன்னவாசல்' என்பதோடு 'கல்வெட்டு' என்ற சொல்லையும் சேர்த்தோம்.

இப்போது புதிய செய்தி கிடைத்தது! அங்கே குகைக்கோயிலை ஒட்டிய பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உள்ளது. பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அந்தச் சமணக் கோயிலைப் புதுப்பித்து, முன்மண்டபம் கட்டினார் என்கிறது அது. இது 9ஆம் நூற்றாண்டு. மகேந்திரவர்மரோ 7ஆம் நூற்றாண்டு. 200 ஆண்டு வித்தியாசம்!

முன்பு அறிஞர்களும் மகேந்திரவர்மர் காலம் என்றே நினைத்தார்கள். கல்வெட்டை ஆராய்ந்த பிறகு, இப்போது நாம் காணும் தாமரைக்குள ஓவியம் பாண்டியர் காலத்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. ஆனால், பழைய கருத்து இணையத்தில் அப்படியே கிடக்கிறது.

"பத்து இடத்துல அப்படித்தானே போட்டிருக்கு, தாத்தா?"

"ஒருத்தர் எழுதினதைப் பத்துப் பேர் காப்பி அடிச்சா, சாட்சி பத்தா, ஒண்ணா?"

சிரித்துவிட்டாள்.

தேடும்போது நினைவில் வையுங்கள்:

* ஒரே சொல்லில் தேடாதீர்கள். ஊர், பொருள், காலம் என்று இரண்டு மூன்று சொற்களைச் சேருங்கள்.

* சொற்றொடர் அப்படியே வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் அடியுங்கள்.

* எழுதியவர் யார் என்று பாருங்கள். தொல்லியல் துறை, அருங்காட்சியகம், பல்கலைக்கழகப் பக்கங்களை முதலில் படியுங்கள்.

* இரண்டு பக்கங்கள் வேறு வேறாகச் சொன்னால், ஆதாரம் காட்டுவது எது என்று கவனியுங்கள்.

* எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கடைசியில் எழுதுங்கள்.

இணையத்தோடு நின்றுவிடாதீர்கள்! திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பழந்தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளைச் சேர்த்து வைத்த ஞானாலயா நூலகமும் இங்கேதான். உங்கள் ஊரிலும் ஒரு நூலகமோ, கல்வெட்டுள்ள கோயிலோ இருக்குமே!

அந்தச் சிறுமி என்ன செய்தாள்? ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சித்தன்னவாசலுக்கே போய்க் கல்வெட்டைப் பார்த்து வந்தாள். பிறகு முதல் வரியை அடித்துவிட்டு, பழைய கருத்து, புதிய கருத்து இரண்டையும் ஆதாரத்தோடு எழுதினாள். பத்து நிமிடப் புராஜெக்டுக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால், இனி அதில் யார் கேள்வி கேட்டாலும் அவளால் பதில் சொல்ல முடியும்.

நீங்களும் அப்படித் தேடுவீர்கள்தானே?