மைனஸ் முதலில்

2014இல் நெல்லை மாவட்டம் மணிமுத்தாறில் ஒரு குட்டி விமானம் வானேறியது. கேரளத்துத் தொடுபுழைப் பக்கத்துக்காரரான சஜி தாமஸ் தன் கையாலேயே கட்டியது. பேச்சும் செவித்திறனும் இல்லாதவர் அவர். எப்பேர்ப்பட்ட உழைப்பு!

இப்படிக் கட்டும் சிறு விமானங்களில் பொறுமையைச் சோதிப்பது ஒயரிங். இன்ஜின் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால், ஈயம் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்ந்து அதிர்ந்து ஒடிந்துவிடும். அதனால் ஒயர் முனையில் மாட்டும் உலோக லக்கைக் கிரிம்பிங் கருவியால் நசுக்கி இறுக்குவார்கள். பக்கத்திலேயே கிளிப் போட்டு ஒயரை ஆடாமல் பிடித்துவைப்பார்கள்.

பெரம்பலூரில் மக்காச்சோளக் காட்டு டிராக்டருக்கும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்கும் அதிர்வு உண்டுதானே? அங்கேயும் ஒயரிங்கை அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்காகப் பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் ஒயரை முதலில் எடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பாடியே மைனஸ். அது இணைந்திருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றுகிற ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வெடிக்கவும் கூடும். மாட்டும்போது மைனஸ் கடைசி. கழற்றிய டெர்மினலில் வெள்ளை பூத்திருந்தால் வெந்நீரில் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள்.