செருப்புத் தைப்பவர்கள் தந்த சாளரம்

பிரான்சின் சார்த்ர் நகரத்து மாதா பேராலயத்தில் தெற்குச் சுவரோரமாக நடந்தால், ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் அடிக்கட்டங்களில் செருப்புத் தைப்பவர்கள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். ஒரு கட்டத்தில், தாங்கள் காணிக்கையாகக் கொடுக்கும் சாளரத்தையே கையில் ஏந்தி நிற்கிறார்கள். அந்தத் தொழில் செய்தவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திய ஊரிலிருந்து வந்த நமக்கு, அந்த இடத்தைச் சட்டென்று கடந்துபோக முடியாது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த கண்ணாடி இது. எண்ணூறு ஆண்டுகளாக அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவர்கள் தலைக்கு மேலே நல்ல சமாரியன் கதை தொடங்குகிறது. இந்தச் சாளரத்தைக் கீழிருந்து மேலாகத்தான் படிக்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிறவனைத் திருடர்கள் மறிக்கிறார்கள், அடித்து உடையைப் பிடுங்குகிறார்கள். ஆசாரியனும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப் போகிறார்கள். அந்நியனான சமாரியன்தான் காயத்துக்குக் கட்டுப்போட்டுச் சத்திரத்தில் சேர்க்கிறான். ஞாயிறு பள்ளிக்குப் போன பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கதை முடிந்ததும், சற்றும் எதிர்பாராமல், ஆதாம் வருகிறான். பிறகு ஏவாள், விலக்கப்பட்ட கனி, தோட்டத்தைவிட்டு வெளியேற்றம், காயீன் ஆபேலைக் கொல்வது. உச்சியில் கிறிஸ்து. சமாரியனுக்கும் ஆதாமுக்கும் என்ன சம்பந்தம்?

அகஸ்தீன் போன்ற திருச்சபைத் தந்தையர் இந்த உவமைக்குச் சொன்ன விளக்கம்தான் பதில். எருசலேம் என்பது ஏதேன் தோட்டம். அங்கிருந்து இறங்கிப் போகிறவன் ஆதாம், அதாவது மனித குலம். திருடர்கள் சாத்தானும் அவன் கூட்டமும். விலகிப்போன இருவரும் பழைய சட்டம். சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை. ஆக, கீழே இருப்பது மூலம், மேலே இருப்பது உரை. நம் உரையாசிரியர்கள் ஒரு குறளை எடுத்து விரித்துச் சொல்வதைப்போல, இங்கே ஒருவர் கண்ணாடியில் உரை எழுதியிருக்கிறார்.

இந்தச் சாளரங்களை ‘எழுத்தறியாதவர்களின் பைபிள்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விளக்கிச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஆதாம் அங்கே ஏன் வந்தான் என்பது படித்தவருக்கே புரியாது. பொம்மை பார்த்துக் கதை தெரிந்துகொள்ளும் எளிய ஏற்பாடல்ல இது. கேட்டுப் பழகிய காதுக்காகச் செய்த கலை.

தெற்குக் குறுக்குக் கூடத்தில் இன்னொரு காட்சி. ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் என்ற நான்கு தீர்க்கதரிசிகள் பெரிய உருவில் நிற்க, சுவிசேஷம் எழுதிய நால்வரும் அவர்கள் தோள்மீது உட்கார்ந்திருக்கிறார்கள், தேர் பார்க்க அப்பாவின் தோளில் ஏறிய பிள்ளைகளைப்போல. பழைய ஏற்பாடு தாங்க, புதிய ஏற்பாடு தூரம் பார்க்கிறது. இதைவிடச் சுருக்கமாக அந்த உறவைச் சொல்லிவிட முடியுமா? மேற்குச் சுவரில், 12ஆம் நூற்றாண்டுப் பாடுகளின் சாளரத்தில், சிலுவை பச்சை நிறம். சாவுக்கு நட்ட கட்டையை உயிருள்ள மரமாகக் காட்டிய நிறம் அது.

இவ்வளவும் மணலும் மரச்சாம்பலும்தான். இரண்டையும் உருக்கிக் கண்ணாடி செய்தார்கள். நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. செம்பு கலந்த சிவப்பு ஒளியே புகாத அளவுக்கு அடர்ந்துவிடும் என்பதால், நிறமில்லாத கண்ணாடிமேல் மெல்லிய ஏடாக ஏற்றினார்கள். பிறகு துண்டு துண்டாக நறுக்கி ஈயப் பட்டையில் கோத்தார்கள். முகம், விரல், துணி மடிப்பு மட்டும் கருஞ்சாந்தால் தீட்டிச் சூளையில் சுட்டது. தூரத்திலிருந்து நாம் பார்க்கும் கறுப்புக் கோடுகளில் பெரும்பாலானவை அந்த ஈயம்தான். துண்டுகளைத் தாங்குவதும் அதுவே, படத்தின் கோடும் அதுவே.

1194இல் தீ விபத்தில் பழைய ஆலயம் பெரும்பகுதி எரிந்தது. மேற்குச் சாளரங்களும், ‘நீல மாதா’ என்று சொல்லப்படும் மரியாள் உருவமும் தப்பின. 1939இல் போர் வந்தபோது சாளரங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கித் தூரத்தில் ஒளித்துவைத்தார்கள், போருக்குப் பின் மறுபடி பொருத்தினார்கள். அந்தக் கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இன்று சுமார் 2,600 சதுர மீட்டர் கண்ணாடி அங்கே இருக்கிறது.

பாரிஸ் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். பைனாகுலர் ஒன்றை மறக்காமல் எடுத்துப்போங்கள். வெயில் உள்ள நாளில், தெற்குச் சாளரங்களுக்கு நண்பகல் நல்ல நேரம். செருப்புத் தைப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.