அட்டை கையில் இருந்தால் போதுமா? அமெரிக்க மெடிக்கெயாரும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியும்

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும். "அங்கே அறுபத்தைந்து வயது வந்தால் வைத்தியச் செலவு முழுவதையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்" என்பதே அது. இதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறியாத காரணத்தால் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த பெற்றோரும், அங்கேயே பிறந்து அங்கேயே கமம் செய்து முதுமையடைந்த அமெரிக்க விவசாயிகளும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். கையில் காப்புறுதி அட்டை இருக்கும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி அதை ஏற்காது.

எமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் எந்தக் காப்புறுதி என்று எவரும் கேட்பதில்லை. இடம்பெயர்ந்து வேறு மாவட்டத்தில் இருந்தாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோனால் பார்ப்பார்கள். சில மருந்தை வெளியில் வாங்கச் சொல்வார்கள் என்பது வேறு கதை. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கா போகிறவர்களுக்கு அங்குள்ள முறை புரிவதற்கு நாட்கள் எடுக்கும். அங்கே போய் இருப்பவர்களுக்கும், போவதற்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் உறவினருக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இந்த விளக்கத்தைத் தருகிறோம்.

மெடிக்கெயார் சட்டத்தில் ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் 1965 யூலை 30ஆம் திகதி ஒப்பமிட்டார். 1966 யூலை 1ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 65 வயதைக் கடந்தோருக்கும், நீண்டகால உடற்குறைபாடு உள்ளோருக்கும், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தோருக்கும் உரிய திட்டம் இது. இன்று ஆறரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள். இதன் 'ஏ' பகுதி ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு. 'பி' பகுதி வைத்தியரைப் பார்ப்பதற்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்கும். 'டி' பகுதி மருந்துக்கு. ஏ பகுதிக்குப் பெரும்பாலானோர் மாதப் பணம் கட்டுவதில்லை, வேலை செய்த காலத்திலேயே வரியாகக் கட்டிவிட்டார்கள். பி பகுதிக்கு 2026இல் மாதம் 202.90 டொலர் கட்டவேண்டும். ஆகவே 'இலவசம்' என்ற சொல்லை முதலிலேயே மறந்துவிடுவது நல்லது.

இரண்டு வழிகள்

மெடிக்கெயாருக்குள் நுழைகிறவர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அரசாங்கமே நேராக நடத்தும் பழைய முறை. மெடிக்கெயாரை ஏற்கும் எந்த வைத்தியரிடமும், எந்த ஆஸ்பத்திரிக்கும், நாட்டின் எந்த மூலையிலும் போகலாம். மிகப் பெரும்பாலான வைத்தியர்களும் ஏறக்குறைய எல்லா ஆஸ்பத்திரிகளும் இதை ஏற்கின்றன. இதிலுள்ள குறை என்னவென்றால், பி பகுதியில் வருடத்தின் முதல் 283 டொலரை (2026) நோயாளியே கட்டிய பின்னரும் மீதிச் செலவில் நூற்றுக்கு 20 வீதம் அவர் தலையில் விழும். அதற்கு உச்ச எல்லை கிடையாது. ஒரு புற்றுநோய் வந்தால் அந்த இருபது வீதமே ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கப் போதும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்று தனியார் கம்பனிகள் விற்கும் மேலதிகக் காப்புறுதிக்கு 'மெடிகப்' என்று பெயர். அதற்கு வேறாக மாதப் பணம் உண்டு. மருந்துக்கும் வேறாகக் கட்டவேண்டும்.

இரண்டாவது வழி 'மெடிக்கெயார் அட்வான்ரேஜ்'. அரசாங்கம் ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஒரு தனியார் கம்பனிக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். அதன்பின் சிகிச்சைச் செலவைக் கொடுப்பதும் மறுப்பதும் அந்தக் கம்பனியின் பொறுப்பு. இவ்வகைத் திட்டங்கள் பலவற்றுக்கு, பி பகுதிப் பணத்தைத் தவிர வேறு மாதப் பணம் இல்லை. பழைய முறையில் இல்லாத பல்வைத்தியம், மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றையும் சேர்த்துத் தருவார்கள். ஒரு வருடத்தில் நோயாளி கட்டும் பணத்துக்கு உச்ச எல்லையும் உண்டு. 2026இல் எந்தத் திட்டமும், தனது பட்டியலுக்குள் பெறும் சிகிச்சைக்கு, அந்த எல்லையை 9,250 டொலருக்கு மேல் வைக்க முடியாது. 2023இலிருந்து மெடிக்கெயாரில் உள்ளோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் இந்த வழியிலேயே இருக்கிறார்கள். ஆனால், கம்பனியோடு ஒப்பந்தம் செய்த வைத்தியர்களிடமும் ஆஸ்பத்திரிகளுக்கும்தான் போகவேண்டும்.

எங்கள் மக்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்லவேண்டியதில்லை. நிவாரண அட்டை எந்தக் கூட்டுறவுச் சங்கக் கடையில் பதியப்பட்டதோ அங்கேதான் அரிசியும் மாவும் என்று இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அட்டை உண்மையானது, பெயரும் அதில் இருந்தது. ஆனாலும் அடுத்த முகாமுக்குப் பக்கத்திலிருந்த கடையில் அது செல்லவில்லை. அட்வான்ரேஜ் அட்டையும் அப்படிப்பட்டதே. 'எச்.எம்.ஓ.' என்ற வகையில் பட்டியலுக்கு வெளியே போனால், அவசர சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர, கம்பனி எதுவும் கட்டாது. 'பி.பி.ஓ.' என்ற வகையில் கட்டும், ஆனால் நோயாளியின் பங்கு கூடிவிடும். வெளியிலுள்ள வைத்தியர் அவசர நிலை தவிர்ந்த வேளையில் "உங்களைப் பார்க்க முடியாது" என்று சொல்லவும் உரிமை உண்டு. உயிர் போகும் அவசரம் என்றால் மாத்திரம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், கம்பனி கட்டியே ஆகவேண்டும்.

கிராமத்தில் ஏன் இது பெரிய விடயம்

பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரி ஏற்காவிட்டால் பஸ் ஏறி இன்னொன்றுக்குப் போகலாம். கன்சாஸ், நெப்ராஸ்கா, அயோவா போன்ற விவசாய மாநிலங்களில் ஒரு கவுண்டிக்கு, அதாவது அவர்களுடைய மாவட்டத்துக்கு, ஒரேயொரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கும். 25 கட்டில்களுக்கு மேற்படாத இத்தகைய தூரத்து ஆஸ்பத்திரிகளைக் காப்பாற்றுவதற்கென்றே 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி பழைய மெடிக்கெயார் இவற்றுக்குச் சாதாரண விலைப்பட்டியலின்படி கொடுப்பதில்லை. உண்மையில் பிடித்த செலவில் நூற்றுக்கு 101 என்ற கணக்கில் கொடுக்கும். நாடு முழுவதிலும் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் இந்த ஏற்பாட்டில் நடக்கின்றன.

அட்வான்ரேஜ் கம்பனிகள் அந்தக் கணக்கில் கொடுக்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பேரம் பேசி ஒரு விலைக்கு வருவார்கள். அதைவிட, நோயாளியை வார்ட்டில் வைத்திருப்பதற்கும், ஸ்கான் எடுப்பதற்கும், பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புவதற்கும் முன்அனுமதி கேட்கவேண்டும். அனுமதி பிந்தலாம், மறுக்கப்படலாம். சின்ன ஆஸ்பத்திரியில் இதற்கென்று கடிதம் எழுதிக்கொண்டிருக்க ஆட்கள் ஏது? எனவே சில ஆஸ்பத்திரிகள் இந்தக் கம்பனிகளோடு இனி ஒப்பந்தம் வேண்டாம் என்று விலகிவிட்டன. 2010இலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கிராமத்து ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டோ வார்ட்டுகளை நிறுத்தியோ உள்ள நாட்டில், மிஞ்சியிருக்கும் ஒன்றும் அட்டையை ஏற்காவிட்டால் வயதானவர் எங்கே போவார்?

"அரசாங்கம் பட்டியலைப் பார்த்து அனுமதிப்பதில்லையா?" என்று கேட்கலாம். பார்க்கிறது. ஆனால் கிராமப்புறக் கவுண்டியில் பெரும்பாலான அங்கத்தவருக்கு 60 மைலுக்குள் ஓர் ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தால் போதும் என்பதே விதி. 60 மைல் என்பது கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குள்ள தூரத்திலும் அதிகம். விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும், வீட்டுக்கு எதிரேயுள்ள ஆஸ்பத்திரியோ பட்டியலில் இராது.

பழைய முறையிலும் ஒரு சுமை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. இந்தச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளர் சிகிச்சைக்கு நோயாளி கட்டும் 20 வீதம், ஆஸ்பத்திரி போடும் முழுப் பில்லின் மீது கணக்கிடப்படும். அது பெரிய தொகையாக வரலாம். மெடிகப் இல்லாமல் பழைய முறையில் இருப்பது கிராமத்தவருக்கு ஆபத்து என்று நாம் கருதுவது இதனால்தான்.

திரும்ப முடியாத வாசல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதானால் இதையே வைத்திருங்கள். 65 வயதுக்கு மேல் பி பகுதி தொடங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு, எந்த மெடிகப் கம்பனியும் நோயைக் காரணம் காட்டி ஒருவரை மறுக்க முடியாது. ஆறு மாதம் போனால், நியூயோர்க், கனெக்ரிகட், மசாசுசெற்ஸ், மெய்ன் என்னும் நான்கு மாநிலங்களைத் தவிர, ஏனைய இடங்களில் பொதுவாக நீரிழிவு, இருதய நோய் என்று கேட்டு மறுக்கலாம், அல்லது விலையைக் கூட்டலாம்.

ஒருவர் 65 வயதில் சுகதேகியாக இருக்கிறார். மாதப் பணம் இல்லையே என்று அட்வான்ரேஜ் எடுக்கிறார். ஐந்து வருடத்தின் பின் இருதய நோய் வருகிறது. அவ்வேளையில் ஊர் ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை விட்டுவிடுகிறது. ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரையுள்ள காலத்தில் அவர் பழைய முறைக்குத் திரும்பலாம், அதை எவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் மெடிகப் கிடைக்காமல் போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே கூரை இல்லை. 65 வயதில் முதன்முதலாக அட்வான்ரேஜில் சேர்ந்தவர் முதல் 12 மாதங்களுக்குள் விலகினால் மெடிகப் பெறும் உரிமை உண்டு. திட்டமே அந்தப் பகுதியை விட்டுப் போனாலும் உண்டு. இவை போன்ற விலக்குகள் சிலவே.

பட்டியலை நம்பலாமா? கம்பனி வெளியிடும் வைத்தியர் பட்டியல்களை 2016 முதல் 2018 வரை மத்திய அரசாங்கமே சோதித்துப் பார்த்தது. காட்டப்பட்ட இடங்களில் ஏறக்குறைய அரைவாசியில் ஏதோவொரு பிழை இருந்தது. ஆகையால் புத்தகத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் வைத்தியரின் அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரியின் பில் பகுதிக்கும் நேரே தொலைபேசி எடுங்கள். "இந்தக் கம்பனியை ஏற்கிறீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்பார்கள். அது போதாது. ஒரே கம்பனிக்கு ஐந்தாறு திட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பட்டியல் வேறு. திட்டத்தின் முழுப் பெயரையும் வருடத்தையும் சொல்லி, "வரும் வருடமும் இதில் இருப்பீர்களா?" என்று கேட்கவேண்டும். கிராமத்தவர் இன்னொரு கேள்வியும் கேட்பது புத்தி: ஊர் ஆஸ்பத்திரியால் முடியாத நோயாளியை எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்கள், அதுவும் பட்டியலில் இருக்கிறதா? வருட நடுவில் ஒப்பந்தம் முறிந்தால் அட்டைக்காரர் உடனே வேறு திட்டத்துக்கு மாறுவது பெரும்பாலும் முடியாது.

மருந்துக்கும் இப்படியே. குடிக்கும் மாத்திரைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு, அவை திட்டத்தின் மருந்துப் பட்டியலில் உண்டா, ஊர் மருந்துக்கடை அதில் சேருமா என்று பார்க்கவேண்டும்.

ஒக்டோபர் வந்தால் பழைய விளையாட்டு வீரர்களும் நடிகர்களும் தொலைக்காட்சியில் தோன்றி "இலவசப் பல்வைத்தியம்" என்பார்கள். முகவர்களும் அழைப்பார்கள். அவர்களுக்குக் கம்பனி தரகு கொடுக்கிறது. தரகு வாங்காத ஆலோசகர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறார்கள். அந்தச் சேவையைச் சுருக்கமாக 'ஷிப்' என்பார்கள், கட்டணமில்லை. ஆங்கிலம் தெரியாதவர்கள் மெடிக்கெயாரின் 1-800-633-4227 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

இங்கிருந்து போன பெற்றோருக்கு

பிள்ளை பத்து வருடம் வரி கட்டினான் என்பதால் தாய் தகப்பனுக்கு மெடிக்கெயார் வராது. சொந்த வேலையோ, கணவன் அல்லது மனைவியின் வேலையோதான் கணக்கு. 65 வயதைக் கடந்தவர் கிறீன் காட் பெற்று ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே வசித்திருந்தால் பணம் கட்டிச் சேரலாம். ஏ பகுதிக்கு 2026இல் மாதம் 565 டொலர் வரை, பி பகுதிக்கு மேலே சொன்ன 202.90 டொலர். பி பகுதியை மாத்திரம் தனியே எடுக்கலாம். ஆனால் ஏ, பி இரண்டும் இல்லாதவர் அட்வான்ரேஜிலோ மெடிகப்பிலோ சேர முடியாது. ஐந்து வருடம் நிறைந்ததும் சேராமல் பிந்தினால், பிந்திய ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பி பகுதிப் பணம் பத்து வீதம் கூடும், அது ஆயுள் முழுவதும் தொடரும். வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த மாதப் பணத்தைக் கட்ட உதவும் மாநிலத் திட்டங்கள் உண்டு. தகுதி விதிகள் இடத்துக்கு இடம் மாறும், ஷிப் ஆலோசகரிடமே கேட்கவேண்டும். விசிட் விசாவில் போய் நிற்பவர்களுக்கு மெடிக்கெயார் இல்லை. 2025 யூலையில் நிறைவேறிய சட்டம் அகதி, தஞ்சம் பெற்றோர் என்ற தகுதியில் மாத்திரம் இருப்பவர்களையும் வெளியே விட்டுவிட்டது. அவர்கள் கிறீன் காட் விண்ணப்பத்தைப் பின்போடக்கூடாது.

ஊருக்கு வந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பழைய மெடிக்கெயார் இலங்கையில் பெறும் சிகிச்சைக்குப் பணம் தராது. அட்வான்ரேஜில் உள்ளவர் தனது திட்டப் பகுதியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பொதுவாகக் கம்பனி பெயரை நீக்கிவிடும். காணி பார்க்க, கோயில் திருவிழாவுக்கு, பேரப்பிள்ளையின் கலியாணத்துக்கு என்று வந்து மாதக் கணக்கில் நிற்க எண்ணுபவர்கள் ரிக்கற் போடுமுன் திட்டத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு, தேவையான மருந்தையும் கூடக் கொண்டுவரவேண்டும்.