இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர்
கிண்டியில் படித்த லலிதா

அது 1964-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரில், பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது.

இந்தியாவில் இருந்து சேலை கட்டிய ஒரு பெண்மணி அங்கே போயிருந்தார். அவர் பெயர் ஏ.லலிதா. இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர் அவர்தான்.

அங்கே அவர் சொன்ன ஒரு செய்தி, கேட்டவர்களைத் திடுக்கிட வைத்தது.

150 ஆண்டுகளுக்கு முன்பு பிறந்திருந்தால், கணவரின் உடலோடு தன்னையும் சிதையில் வைத்து எரித்திருப்பார்கள் என்றார்!

18 வயதில் விதவை

லலிதா 1919-ம் ஆண்டு சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் கல்யாணம் நடந்தது. 1937-ம் ஆண்டு கணவர் இறந்துவிட்டார். அப்போது லலிதாவுக்கு வயது 18. பெண் குழந்தைக்கு 4 மாதம்.

அந்தக் காலத்தில் விதவை என்றால் வீட்டு மூலைதான். லலிதா மூலையில் உட்காரவில்லை. மறுபடியும் புத்தகத்தை எடுத்தார். ராணிமேரி கல்லூரியில் இண்டர்மீடியட் படித்துத் தேறினார்.

டாக்டர் வேலை வேண்டாம்

அடுத்து என்ன படிப்பது? டாக்டருக்குப் படிக்கலாம். ஆனால் நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் ஓட வேண்டும். குழந்தையை யாரிடம் விடுவது? பகலில் மட்டும் வேலை உள்ள தொழிலாகப் பார்த்தார். என்ஜினீயரிங் என்று முடிவு செய்தார்.

அவருடைய தகப்பனார் பப்பு சுப்பாராவ், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பேராசிரியர். அதுவரை அங்கே ஆண்கள் மட்டுமே படித்தார்கள். அவர் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி, மகளுக்கு இடம் வாங்கினார்.

லலிதா விடுதியில் தங்கினார். குழந்தையை வீட்டார் கவனித்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே ஒரே ஒரு பெண்! 1940-ம் ஆண்டு லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற இருவரும் சேர்ந்தார்கள். துணை கிடைத்தது.

பட்டத்தில் திருத்தம்

1943-ம் ஆண்டு படிப்பு முடிந்தது. பட்டத்தில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் அச்சாகி இருந்தது. பெண் படிப்பாள் என்று யாரும் நினைக்கவே இல்லை! அதைப் பேனாவால் அடித்து, பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள்.

லலிதா சிம்லாவில் வேலை பார்த்தார். பிறகு கல்கத்தாவில் ஒரு மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தார். மின்சாரம் கொண்டு போகும் கம்பித் தடங்களுக்கும், துணை மின்நிலையங்களுக்கும் வரைபடம் தயாரித்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தன் சம்பாத்தியத்தில் மகளை வளர்த்து ஆளாக்கினார். 1979-ம் ஆண்டு, 60-வது வயதில் காலமானார்.

கூடப் படித்த திரேசியா, கேரளத்தில் தலைமை என்ஜினீயராக உயர்ந்தார்.

இன்று கிண்டியில் மாணவிகள் கூட்டம் கூட்டமாகப் படிக்கிறார்கள். அவர்களுடைய பட்டத்தில் யாரும் எதையும் அடித்துத் திருத்த வேண்டியதில்லை.